கொட்டிலுக்குள் போனால் தும்மல், இரவில் இழுப்பு: மாட்டு ஒவ்வாமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பால்மாடு வளர்க்கிறவர்கள், கூலிக்குப் பால் கறக்கிறவர்கள், மிருக வைத்தியர்கள், சினைப்படுத்தும் உத்தியோகத்தர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நான் 26 வருடம் கால்நடைத் துறையில் வெளிக்கள வேலை செய்தவன். வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் நான் கால் வைக்காத கொட்டில் குறைவு. அதில் கடைசி 11 வருடம் மாட்டு ஒவ்வாமையோடுதான் வேலை செய்தேன்.

இதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். வாயில்லாச் சீவனைப் பழித்ததாகிவிடுமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். டொக்டர் மாட்டை விற்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் மறுபக்கம். நான் கண்ட அளவில், அந்தப் பயத்தில் வருடக்கணக்காக மறைத்தவர்களுக்குத்தான் கடைசியில் மாட்டை விற்க வேண்டி வந்தது. நேரத்தோடு வாய் திறந்தவர்களில் அநேகர் இன்றும் கறந்துகொண்டிருக்கிறார்கள்.

மாட்டு ஒவ்வாமை என்றால் என்ன? மாட்டு மயிர்தானே காரணம்?

மயிர் வெறும் வண்டி. அதில் ஏறி வரும் சரக்குத்தான் ஆளை வருத்துகிறது. மாட்டின் தோலிலுள்ள வியர்வைச் சுரப்பிகளில் உருவாகும் ஒரு புரதம் தோற்செதிளில் ஒட்டிக்கொண்டு உதிர்கிறது. ஆய்வுகூடங்களில் அதற்கு 'போஸ் டி 2' என்று பெயர். 'போஸ்' என்பது மாட்டினத்தின் இலத்தீன் பெயர். நம் தலையில் பொடுகு உதிர்வதுபோல மாட்டின் உடம்பு முழுவதிலிருந்தும் இந்தச் செதிள் உதிர்ந்தபடியே இருக்கும். விடிய வெயில் கொட்டிலுக்குள் சரிந்து விழும் நேரத்தில் மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். வெயில் கீற்றுக்குள் எழும்பி நின்று கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கும் தூசில் இதுவும் உண்டு. மாட்டின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும்கூட ஒவ்வாமை தரும் புரதங்கள் இருக்கின்றன.

சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொண்டு, 'ஐஜிஈ' என்ற பிறபொருளெதிரியை அதற்கென்றே உருவாக்கி வைத்திருக்கும். அடுத்த தடவை செதிள் மூக்கிலோ தோலிலோ பட்டதும் உடம்புக்குள்ளிருந்து ஹிஸ்டமின் என்ற இரசாயனம் வெளிப்படும். அதன் விளைவுதான் தும்மல், மூக்கால் ஓடுதல், கண் கடி, தோல் தடிப்பு, நெஞ்சில் இழுப்பு.

உலகத்தில் இதை அதிகம் ஆராய்ந்த நாடு பின்லாந்து. அங்கே நீண்ட குளிர்காலம் முழுக்க மாடுகளை மூடிய கட்டடத்துக்குள் வைத்திருப்பார்கள். 1964 முதல் தொழில்சார் நோய்களுக்கென்று பதிவேடு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு அங்கே முன்னணியில் நின்ற காரணங்களில் பால்மாட்டுச் செதிள் ஒன்று, மற்றது மாத் தூசு. நமது கொட்டில்கள் திறந்தவை, காற்று ஓடும் என்பது நமக்கு ஒரு பெரிய பாக்கியம். ஆனால் மாரியில் சாரல் அடிக்காமல் நாலு பக்கமும் படங்கு கட்டி மறைக்கிறோமே, அந்த இரண்டு மூன்று மாதமும் நமது கொட்டிலும் பின்லாந்துக் கொட்டில்தான்.

இருபது வருசமாய் மாடு வைச்சிருக்கிறன். இப்ப மட்டும் ஏன் ஒத்துவராமல் போகுது?

ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. உடம்பு பழகிப் பழகித்தான் எதிர்ப்பை வளர்க்கும். சிலருக்கு மாதங்கள் எடுக்கும், சிலருக்குப் பல வருடங்கள். அதனால் "இவ்வளவு காலம் ஒன்றும் செய்யாதது இனியும் செய்யாது" என்ற கணக்கு இதில் சரிவராது. சின்ன வயதில் கரப்பன், தொய்வு (ஆஸ்துமா) இருந்தவர்களுக்கும் பெற்றோருக்கு அப்படி இருந்தவர்களுக்கும் வாய்ப்புக் கூட. ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் வரும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இருபது வருடத்துக்கு முன்னர் உங்களிடம் எத்தனை மாடு நின்றது? அன்று இரண்டு நாட்டுப் பசு தரவையில் மேய்ந்துவிட்டுப் பொழுதுபடத்தான் பட்டிக்கு வந்திருக்கும். இன்று ஆறு ஜேர்சிக் கலப்பு நாள் முழுக்கக் கட்டில் நின்று தின்கிறது. நீங்கள் அதே ஆள்தான், ஆனால் சுவாசிக்கிற செதிள் அதே அளவு அல்ல.

முதலில் வருவது பெரும்பாலும் மூக்கு. கொட்டிலுக்குள் போனதும் தொடர் தும்மல், மூக்கடைப்பு, கண் கடி. இதைத் தடிமன் என்று விட்டுவிடுவோம். மூக்கு ஒவ்வாமை வந்த சிலருக்கு மாதங்களில் அல்லது வருடங்களில் நெஞ்சுக்கு இறங்கும். மூக்கோடு நிற்கும்போதே பிடிப்பதுதான் நல்லது.

கொட்டிலில் நிக்கேக்க ஒன்றும் செய்யிறேல்லை. இரவு ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் இருமல். அப்ப இது மாட்டாலே இல்லைத்தானே?

மாட்டாலாக இருக்கலாம். ஒவ்வாமைக்கு இரண்டு நேரம் உண்டு. ஒன்று பட்ட சில நிமிடங்களில். மற்றது நாலு முதல் எட்டு மணித்தியாலம் கழித்து. பின்னேரம் ஐந்து மணிக்குக் கறந்து, வைக்கல் போட்டு, மாட்டைத் துடைத்துவிட்டு வந்தவருக்கு நடுச்சாமத்தில் நெஞ்சு இறுகுவது இந்த இரண்டாவது நேரம். "பனி பட்டது", "இரவில் தலைக்குக் குளித்தது" என்று பழியை வேறு எதிலாவது போடுவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. செதிள் உங்களோடு வீட்டுக்குள் வருகிறது. ஜெர்மனியில் மாட்டுப் பண்ணைக்காரரின் வீடுகளில் தூசு எடுத்து அளந்தபோது படுக்கையறையிலும் மெத்தையிலும்கூட மாட்டுப் புரதம் இருந்தது. கொட்டிலுக்குக் கட்டிய சாரத்தோடேயே கட்டிலில் சாய்கிற பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

மாட்டாலேயோ வைக்கலாலேயோ என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகவும் முக்கியமானது இதுதான். கொட்டில் என்பது ஒரு தூசு அல்ல, நாலைந்து தூசு. மாட்டுச் செதிள் ஒன்று. வைக்கல், தவிடு, பிண்ணாக்கு என்று சேமித்து வைக்கும் தீனில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இன்னொன்று; இவை மாட்டில் ஒட்டும் உண்ணியல்ல. நனைந்த வைக்கலில் வளரும் பூஞ்சணம் மூன்றாவது. இவற்றுக்கு மேல், மூத்திரம் தேங்கினால் எழும் அமோனியா நெடியும், நுளம்புக்கு வேப்பங்குழை போட்டுக் கிளப்பும் மூட்டமும் இருக்கின்றன. இந்த இரண்டும் ஒவ்வாமை தருவன அல்ல. ஆனால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் சுவாசக் குழாயை இன்னும் அரிக்கும். தொய்வு உள்ளவர் இருக்கிற வீட்டில் மூட்டத்தை நிறுத்திவிட்டு மாட்டுக்கு நுளம்பு வலை கட்டுவது நல்லது.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மூன்று நாள் வைக்கலை வேறொருவர் போடட்டும். நீங்கள் கறப்பதை மட்டும் செய்யுங்கள். அடுத்த மூன்று நாள் மாற்றிப் பாருங்கள். மாட்டை வெளியில் மரத்தடியில் கட்டித் துடைக்கும்போது தும்மல் வந்தால் செதிளைச் சந்தேகிக்கலாம். தவிட்டுச் சாக்கை அவிழ்த்து உதறும்போதுதான் வருகிறது என்றால் சிற்றுண்ணி. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நமது காலநிலையும் துப்புக் கொடுக்கும். சோளகம் வீசும் மாதங்களில் எல்லாம் காய்ந்து பறக்கும். அப்போது கூடினால் தூசும் செதிளும். மாரி பிறந்து, வன்னியிலிருந்து வந்த வைக்கல் ஒரு மழையில் நனைந்து, போருக்குள் சூடேறி வெள்ளை பூத்த பிறகு கூடினால் பூஞ்சணத்தை நினைக்க வேண்டும்.

வைக்கற் போரைப் பிரித்த அன்று பின்னேரம் குளிர் காய்ச்சலும் உடம்பு உளைவும். அடுத்தநாள் சுகம். என்ன இது?

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இது மேலே சொன்ன ஒவ்வாமை அல்ல. பூஞ்சணம் பிடித்து உள்ளே சூடேறிய வைக்கலில் வெப்பத்தை விரும்பும் ஒருவகை பற்றீரியாக்கள் வளரும். அவற்றின் நுண்ணிய வித்துகள் நுரையீரலின் அடிவரை போய் அழற்சியை உண்டாக்கும். நாலு முதல் எட்டு மணித்தியாலம் கழித்துக் காய்ச்சல், நடுக்கம், வறட்டு இருமல், மூச்சு முட்டு. 'விவசாயி நுரையீரல்' என்று இதைச் சொல்வார்கள். 1932இல் இங்கிலாந்தில் வைக்கல் வேலை செய்தவர்களில் இதை விபரித்து எழுதினார்கள். ஒன்றிரண்டு நாளில் மாறிவிடுவதால் வைரஸ் காய்ச்சல் என்று பனடோலோடு விடுகிறோம். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழும், அந்தத் தழும்பு ஆறாது.

யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் முதலில் பார்க்கப்பட வேண்டியவை. அதைச் செய்விக்கத்தான் வேண்டும். கூடவே "நேற்று வைக்கல் பிரித்தேன், போன மாதமும் வைக்கல் பிரித்த அன்று இப்படித்தான் வந்தது" என்ற ஒரு வசனத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த வசனம் இல்லாமல் அவர் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளை பூத்த வைக்கலை உதறிக் காயவைத்து மாட்டுக்குப் போடலாம் என்று நினைக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து அள்ளி, வீட்டுக்கும் கொட்டிலுக்கும் தள்ளி உரக்கிடங்கில் போடுங்கள்.

நான் சினைப்படுத்திறவன். கை முழுக்கத் தடிச்சுக் கடிக்குது. கிளவுஸ் போட்டுத்தானே செய்யிறன்?

எனக்குத் தொடங்கியதும் இப்படித்தான். தென்மராட்சியில் ஒரு வீட்டில் பசுவுக்கு இளங்கொடி விழவில்லை. தோள் வரை நீளும் பிளாஸ்டிக் கிளவுஸ் போட்டு, முழங்கைக்கு மேல் வரை உள்ளே விட்டு வேலை செய்தேன். முடித்துக் கழற்றும்போதுதான் மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்ததைக் கண்டேன். கிணற்றடிக்குப் போய்க் கை கழுவுவதற்குள் அந்த இடம், அந்த இடம் மட்டும், சிவந்து மேடாக எழும்பியது. கிழிசல் எந்த வடிவமோ தடிப்பும் அந்த வடிவம். வீட்டுக்கார அம்மா தேங்காயெண்ணெய் கொண்டு வந்து தந்தார். நான் மட்டும் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முன்பு இரண்டு வருடமாக "சவர்க்காரம் ஒத்துவரவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மாட்டின் செதிள், உமிழ்நீர், பனிக்குடத் தண்ணீர் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் ஈரத்தோடு தோலில் படும்போது சில நிமிடங்களிலேயே தடிப்பு வரலாம். திரும்பத் திரும்பப் பட்டால் அது கரப்பனாக மாறித் தோல் வெடித்து, உரிந்து, இன்னும் அதிகம் புரதத்தை உள்ளே விடும். கன்று ஈனல் பார்க்கும் மிருக வைத்தியர்களில் இது நன்றாக அறியப்பட்ட நோய்.

நான் பிறகு செய்தது இதுதான். மெல்லிய நீளக் கிளவுஸுக்கு மேலே மணிக்கட்டு வரை நைட்ரைல் கிளவுஸ் ஒன்று. இறப்பர்ப் பால் கிளவுஸ், அதாவது லேட்டெக்ஸ், வேண்டாம். அதுவே தனியாக ஒவ்வாமை தரும். தோள் விளிம்பு சறுக்காமல் ஒரு கிளிப். முடிந்த உடனே வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசனையில்லாத களிம்பு. டெட்டோல் ஊற்றித் தேங்காய்ப் பொச்சால் தேய்ப்பதை அடியோடு விட்டேன். பாதிக் கடி அந்தத் தேய்ப்பால்தான் வந்தது.

வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் ஆறியதுபோல வந்தால் அது ஒவ்வாமை அல்ல. மாட்டிலிருந்து தொற்றும் படர்தாமரையாக இருக்கலாம். கன்றுகளின் முகத்தில் சாம்பல் நிறச் சொட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படர்தாமரைக்கு ஒவ்வாமைக் களிம்பு பூசினால் இன்னும் பரவும்.

மாட்டுக்குப் போடும் மருந்துகளால் எங்களுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. குறிப்பாக ஒன்று. பசுவைச் சூட்டுக்கு, அதாவது சினைப்பருவத்துக்கு, கொண்டுவரப் போடும் புரொஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து தோலினூடாகவே உடம்புக்குள் இறங்கும். தொய்வு உள்ளவருக்கு அது சுவாசக் குழாயை இறுக்கும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். கர்ப்பிணிகளும் தொய்வுக்காரரும் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. "கொஞ்சம் பிடியுங்கோ" என்று வீட்டுப் பெண்களிடம் சிரிஞ்சைக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கையில் சிந்தினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

பெனிசிலின் ஒத்துவராதவர்கள் மடிநோய்க்குக் காம்பில் ஏற்றும் குழாய் மருந்தையும் வெறுங்கையால் கையாளக் கூடாது. உண்ணிக்கு அடிக்கும் தெளிமருந்தும் மூச்சை இறுக்கும். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று அடியுங்கள்.

பார்த்தீனியம் என்று சொல்லுகினம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா?

நிறைய. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இனங்காணப்பட்ட இந்தக் களை இன்று யாழ்ப்பாணத்தின் தோட்டவெளி, ஒழுங்கை ஓரம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. தொடுகிற தோலில் கடுமையான கரப்பனையும், பூந்தூளால் மூக்கு ஒவ்வாமையையும் தருவது. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அதோடு சேர்த்து அறுத்துக் கட்டிக்கொண்டு வந்து, மாட்டில் பழி போட்டவர்களை எனக்குத் தெரியும். கழுத்து, முகம், முழங்கை மடிப்பு என்று திறந்திருக்கும் இடங்களில் மட்டும் தோல் கறுத்துத் தடித்தால் முதலில் புல்லுக் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். மாடு தின்றாலும் கேடு, பால் கைக்கும்.

என்ன சோதனை செய்ய வேணும்?

முன்கையில் சொட்டு மருந்து விட்டு லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பது ஒன்று. தடிப்பு 3 மில்லிமீற்றர் அல்லது கூடினால் உடம்பு அந்தப் பொருளுக்கு எதிர்ப்பு வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வாமைக் குளிசையை அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே, வைத்தியரைக் கேட்டு, நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். மற்றது ஐஜிஈ இரத்தச் சோதனை. குளிசையை நிறுத்த முடியாதவர்களுக்கு அது உதவும்.

சோதனையில் ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக "உனக்கு ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டக் கூடாது. கடையில் வரும் சோதனை மருந்து எல்லா மாட்டுப் புரதத்தையும் சரியான அளவில் கொண்டிருப்பதில்லை. ஜெர்மனியில் இப்படி விடுபட்டவர்களுக்கு அவர்களுடைய சொந்த மாட்டின் மயிரிலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு சோதித்தபோது எதிர்ப்பு வெளிப்பட்டது.

என் அனுபவத்தில் எல்லாச் சோதனையையும்விடப் பெறுமதியானது ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய். பீக் புளோ மீற்றர் என்பார்கள். மூச்சை முழுக்க இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். தினமும் நாலு தடவை, இரண்டு முதல் நாலு கிழமைக்கு, வேலை நாளிலும் வேலையில்லாத நாளிலும் ஊதி எழுத வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, கூடியதை எழுதுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஐந்து பசு வைத்திருப்பவர், பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு கீறி எழுதி வந்தார். கறக்கிற நாட்களில் 300, 290, 280. இடையில் வவுனியாவில் மகளின் வீட்டில் நாலு நாள். அந்தப் பக்கத்தில் 340, 360, 380, 390. திரும்பி வந்து இரண்டாம் நாள் 310. ஓரத்தில் "இண்டைக்கு வைக்கல் லொறி வந்தது" என்று பென்சிலால் எழுதியிருந்தார், அன்று 260. கிளினிக்கில் அந்தக் கொப்பியைப் பார்த்த வைத்தியர் வேறு கேள்வி கேட்கவில்லை. மூன்று வருடமாக மாறாத இருமலுக்கு அன்றுதான் வழி பிறந்தது.

மாட்டை விக்கத்தான் வேணுமோ?

பெரும்பாலும் இல்லை. நேர்மையாகவே சொல்கிறேன்: மாட்டிலிருந்து முழுக்க விலகுவதுதான் நோய்க்கு நல்லது என்பது மருத்துவ உண்மை. எவ்வளவு நேரத்தோடு விலகுகிறோமோ அவ்வளவு நன்றாக மாறும். ஆனால் பால் காசில் பிள்ளை படிக்கும் வீட்டுக்கு அந்த ஒரே பதிலைக் கொடுத்தால், அடுத்தமுறை அவர்கள் கிளினிக்குக்கே வரமாட்டார்கள். இடையில் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பின்லாந்திலும் தொய்வு வந்த பிறகும் பலர் பண்ணையை விடாமல் மின்விசிறி பூட்டிய தூசுக் கவசத்தோடு வேலை செய்து பார்த்தார்கள், நோய்க்குறிகள் குறைந்தன.

முதலில் வேலையை மாற்றுங்கள். செதிள் அதிகம் எழும்புவது கறக்கும்போது அல்ல. மாட்டைக் காய்ந்தபடி துடைக்கும்போது, மயிர் வெட்டும்போது, கொட்டிலைத் தும்புத்தடியால் காய்ந்தபடி கூட்டும்போது. இவற்றை ஒவ்வாமை இல்லாத ஒருவர் செய்யட்டும். கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது எங்கள் ஆச்சிமார் முற்றத்துக்குச் செய்ததுதான்; கொட்டிலுக்கும் அதையே செய்யுங்கள். மாட்டைத் துடைப்பதென்றால் ஈரத் துணியால், வெளியில்.

பிறகு கொட்டில். படங்கை நாலு பக்கமும் இழுத்துக் கட்டாமல் காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மூத்திரம் ஓட வாய்க்கால். வைக்கற் போர் கொட்டிலுக்குள் வேண்டாம். தரையிலிருந்து உயர்த்தித் தனியாக. பனையோலை கிழித்துப் போடும் வீடுகளில் வைக்கல் தூசு இயல்பாகவே குறைவு. பச்சைத் தீன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது, உங்களுக்கும் பசுவுக்கும்.

மூன்றாவது, கொட்டில் உடுப்பு. ஒரு சாரம், ஒரு சேட், தலைக்கு ஒரு துண்டு. பெண்களுக்கு ஒரு சட்டையும் மயிரை முழுக்க மூடும் துணியும். இவை கொட்டிலடியில் ஒரு கொழுவியில்தான் தொங்க வேண்டும். வேலை முடிந்ததும் கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டு வீட்டுக்குள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கக் கூடாது. செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தாலேயே இரவு இருமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, மருந்தும் ஒழுங்காக எடுத்து, அதற்குப் பிறகும் பீக் புளோ எண் ஏறவில்லை என்றால் அப்போது விலகுவதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். அதை வீட்டார் எல்லோரும் இருந்து பேசுங்கள். தனியாளாக இரவில் யோசித்து முடிவெடுக்காதீர்கள்.

சாதாரண மாஸ்க் போதுமா?

போதாது. துணி மாஸ்க்கும் நீலச் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் கன்னத்துப் பக்கம் திறந்திருக்கும். என்95 அல்லது எஃப்எஃப்பி2 என்று போட்டதை, இரண்டு பட்டியும் தலைக்குப் பின்னால் போகும்படி, மூக்குக் கம்பியை அழுத்திப் போடுங்கள். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. நாள் முழுக்கப் போட்டு வேர்த்துப் புழுங்கத் தேவையில்லை. வைக்கல் பிரிக்கும்போது, கூட்டும்போது, துடைக்கும்போது போதும். மூச்சு இழுக்கக் கஷ்டமானாலோ ஈரமானாலோ எறியுங்கள். அமோனியா நெடியை இது மறிக்காது.

ஜேர்சியை வித்துப்போட்டு நாட்டு மாடு வாங்கினால்? அல்லது ஆடு?

எல்லா மாடும் செதிள் உதிர்க்கும். இனத்துக்கு இனம், மாட்டுக்கு மாடு அளவு வேறுபடலாமே தவிர, ஒவ்வாமை இல்லாத மாடு கிடையாது. ஆட்டின் புரதமும் மாட்டுடையதை ஒத்தது என்பதால் மாடு ஒத்துவராத சிலருக்கு ஆடும் ஒத்துவராது. வாங்குவதற்கு முன் ஆடு வைத்திருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பட்டியில் சில நாள் வேலை செய்து பாருங்கள்.

மாடு ஒத்துவராவிட்டால் பாலும் குடிக்கக் கூடாதோ?

குடிக்கலாம். செதிளில் உள்ள முக்கிய புரதம் வேறு, பாலில் ஒவ்வாமை தரும் கேசீன், லக்டோகுளோபியூலின் ஆகியவை வேறு. பால் குடித்து வாய் கடித்தாலோ உடம்பு தடித்தாலோ மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் விடலாமா?

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைப் பண்ணைகளில் செய்த ஆய்வுகளில், குழந்தைப் பருவத்திலேயே மாட்டுக் கொட்டிலோடு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொய்வும் ஒவ்வாமையும் குறைவாகவே இருந்தன. அதனால் பயந்து பூட்டி வைக்கத் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளையை வைக்கலுக்குள் விளையாட விடாதீர்கள். அந்த ஆய்வுகளைச் சாட்டிப் பச்சைப் பால் கொடுக்கவும் கூடாது. புருசெல்லா, காசநோய்க் கிருமிகள் பச்சைப் பாலில் வரும். காய்ச்சியே கொடுங்கள்.

பம்ப் அடிக்கத் தொடங்கினால் பழகிவிடும் என்கினமே?

இந்தப் பேச்சால் நான் இழந்த மனிதர்கள் உண்டு என்பதால் இதில் எனக்குப் பொறுமை குறைவு. பம்ப், அதாவது வாயால் உள்ளிழுக்கும் இன்ஹேலர், பழகாது. நோய் நிற்கிறதால்தான் மருந்தும் தேவைப்படுகிறது. சல்பியூட்டமோல் இறுகிய குழாயை அந்த நேரத்துக்குத் திறக்கும், உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை ஆற்றுவது பெக்ளோமெதசோன் போன்ற தடுப்பு மருந்து. இழுக்காத நாளிலும் அதை எடுக்க வேண்டும். எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். சல்பியூட்டமோல் கிழமையில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. கர்ப்ப காலத்திலும் வைத்தியர் தந்த பம்பை நிறுத்தக் கூடாது.

பட்டிப்பொங்கலுக்கு மாடு குளிப்பாட்டாமல் இருக்க ஏலுமோ?

ஏன் இருக்க வேண்டும்? சவாரி மாடு வைத்திருப்பவர்களும் இதைக் கேட்பார்கள். காய்ந்த மாட்டைப் பொச்சால் தேய்க்கத் தொடங்குவதுதான் பிழை. முதலில் நாலைந்து வாளி தண்ணீரை முதுகிலும் கழுத்திலும் ஊற்றி நன்றாக நனைத்துவிட்டுத் தேயுங்கள். கிணற்றடி வெளியில், காற்றுக்கு முதுகு கொடுத்து, மாஸ்க்கோடு, நீளக்கைச் சேட்டோடு. பொட்டு வைப்பதும் மாலை போடுவதும் மாடு காய்வதற்கு முன் நடக்கட்டும். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், பம்ப் அடித்தும் இறங்காவிட்டால், உடம்பு முழுக்கத் தடித்து நாக்கோ தொண்டையோ வீங்கினால், தலை சுற்றினால், உடனே. சுவசெரிய இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை, மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி இருத்திப் பம்பைத் தொடர்ந்து கொடுங்கள். நாக்கு வீங்கியவர், தலை சுற்றுகிறவர் எழும்பி நடக்கக் கூடாது.

நான் இன்னொரு ஆளின்ரை பண்ணையிலை கூலிக்குக் கறக்கிறன். சொன்னால் நிப்பாட்டிப்போடுவினம்.

உங்களுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட இது கஷ்டம், தெரியும். "எனக்கு மாடு ஒத்துவராது" என்று தொடங்க வேண்டாம். "வைக்கல் பிரிக்கிறதையும் கொட்டில் கூட்டுறதையும் தம்பி செய்யட்டும், நான் அதுக்குப் பதிலாய்ப் புல்லு வெட்டுறதும் பால் கொண்டுபோறதும் பாக்கிறன்" என்று வேலையை மாற்றிக் கேளுங்கள். மாஸ்க் பெட்டி ஒன்றையும் கிளவுஸையும் பண்ணைச் செலவில் கேட்பது நியாயமான கேள்விதான். கிளினிக் கொப்பியில் "மாட்டுப் பண்ணையில் வேலை" என்று வைத்தியர் கையால் எழுதுவித்து வையுங்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: பத்து வருடம் உங்கள் மாட்டின் குணம் தெரிந்து கறந்த கையை இருமலுக்காக அனுப்பிவிடாதீர்கள். நாளை காலமை ஒரு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். தும்புத்தடியை வேறொருவரிடம் கொடுங்கள்.